வாசகர் கேள்வி பதில்: சம்பா கோவில் பக்கத்துப் பழைய வீடு

கேள்வி: புதுச்சேரியில் சம்பா கோவில் எனப்படும் மாதா பேராலயத்துக்கு அருகில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் தளம் எல்லாம் உண்டு. ஐந்நூறு வருஷத்து வீடு என்பார்கள். வயதை எப்படி உறுதி செய்வது?
- வாசகர், புதுச்சேரி

பதில்: ஐந்நூறு வருஷத்துக்கு வழியில்லை. அந்தப் பகுதியின் நேர்த் தெருக்களே, 1693-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1694-ல் போட்ட வரைபடத்தை ஒட்டியவை. பிறகு 1761 ஜனவரியில் ஊரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். அன்றைய சம்பா கோவிலும் அதில் போனது; இப்போது நிற்பது 1791-ல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் போலத் தப்பியவை மிகக் குறைவு. ஆகவே 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்த பின் கட்டியது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

முதலில் பத்திரம். பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி) பத்திரத்தில், சொத்து யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று எழுதியிருக்கும். அதைப் பிடித்துப் படிப்படியாகப் பின்னால் போங்கள். பத்திரம் மனைக்குத்தான் சாட்சி, சுவருக்கு அல்ல. ஒரு பத்திரத்தில் காலி மனை அல்லது கூரை வீடு, அடுத்ததில் மெத்தை வீடு (தளம் போட்ட வீடு) என்றிருந்தால் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் தளம். தேக்குக் கட்டைகள் மேல் சன்னமான செங்கலை மூலைவாட்டில் செங்குத்தாகச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் சுமார் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லிக் கலவை, மேலே தட்டோடு: இதுதான் மெட்ராஸ் டெரஸ், பழைய முறை. கட்டைக்குப் பதில் இரும்பு உத்தரம் தெரிந்தால், அந்தத் தளம் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ பிறகோ போட்டது. மங்களூர் ஓடு 1865-க்குப் பிறகுதான். அங்கே பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் ஓட்டு ஆலை தொடங்கியதே அப்போது. ஓட்டை மாற்றியிருக்கலாம் என்பதால் அது கூரைக்கு மட்டுமே கணக்கு. மாடி, கீழ்த்தளத்தைவிட இளையதாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சித்திர வேலைக் கதவை நம்பாதீர்கள், வேறு வீட்டிலிருந்து கழற்றி வந்திருக்கலாம்.

செங்கல்லைப் பார்க்க, மறைவான மூலையில் ஒரு சாண் பூச்சை எடுத்தால் போதும். அழகுக்காக முழுப் பூச்சையும் உரித்துவிடாதீர்கள்; கடற்கரை உப்பில் செங்கல் பொரிந்து உதிரும். எடுத்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே மூடுங்கள். சிமென்ட் பூசினால் சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற முடியாமல், உப்பு உள்ளேயே தங்கிக் கல்லைத் தின்னும்.

கேள்வி: இங்கிலாந்தில் லிங்கன் பேராலயத்துக்கு அருகே 12-ம் நூற்றாண்டு வீடு நிற்கிறதாமே. மர வளையத்தை எண்ணி நம் வீடுகளுக்கும் வயது சொல்ல முடியாதா?
- வாசகர், கடலூர்

பதில்: அது ‘யூதர் வீடு’ எனப்படும் கல் வீடு. அதன் காலத்தைச் சொல்வது வாசல் வளைவும் சன்னல் வேலைப்பாடும்தான். மாடி அடுப்பின் புகைபோக்கியே வாசல் வளைவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்த வாசல் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தியதல்ல.

வளையக் கணக்கு, ஓக் உத்தரங்கள் உள்ள ஐரோப்பிய வீடுகளுக்கு நன்றாக வரும். வெட்டிய வருஷம் தெரியப் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் வேண்டும். நம் தேக்குக் கட்டைகளில் வெளிமரத்தைச் செதுக்கிவிட்டு வைரம் பாய்ந்த நடுமரத்தை மட்டும் எடுத்திருப்பார்கள். மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதும் தெரியாமல், ஒப்பிட்டு வருஷம் சொல்ல, அந்தக் காட்டு மரங்களின் வருஷம் தெரிந்த வளைய வரிசை கிடைக்காது.