கொலம்பஸில் ஏறினால் ஏன் பிரட்டுகிறது? கேள்வி பதில்

விடுமுறைக்குப் பிடதிப் பக்கம் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்பும் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை; கேட்டவரின் பேட்டைப் பெயர் முன்னால் இருக்கிறது. ராட்டினம், கொலம்பஸ் என்னும் ஊசலாடும் கப்பல், கோஸ்டர், நீர்ச்சறுக்கு ஏறி இறங்கும்போது வரும் தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி பற்றி மட்டும். பதில் சொல்பவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். சமநிலைக் கோளாறுகளைப் பார்ப்பவர்.

அல்சூர்: டாக்டர், ரோலர் கோஸ்டர்ல நாலு தடவை போனாலும் எனக்கு ஒண்ணும் ஆகல. கொலம்பஸ்ல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா வயித்தைப் பிரட்டிடுது. அது மெதுவாத்தானே ஆடுது?

மெதுவாக ஆடுவதுதான் சிக்கலே. காதுக்குள் இரண்டு வகை ஏற்பாடு இருக்கிறது. தலை திரும்புவதை உணர மூன்று அரைவட்டக் குழாய்கள். நகர்வையும் சாய்வையும் உணர, சுண்ணாம்புத் துகள் படிந்த இரண்டு சிறு பைகள். இந்தப் பைகளுக்கு ஒரு குறை உண்டு: உடம்பு நகர்ந்ததா, சாய்ந்ததா என்று தாமாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சட்டென்ற அசைவு என்றால் மூளை அதை நகர்வு என்று எடுத்துக்கொள்ளும். மிக மெதுவானது என்றால் சாய்வு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் அசைவில்தான் குழப்பம். 5 வினாடிக்கு ஓர் ஆட்டம், அதாவது 0.2 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அது உச்சம். கப்பலில் போகிறவர்களைப் படுத்துவதும் அதே தாளம்தான்.

கொலம்பஸுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள அச்சிலிருந்து கப்பல் 10 மீட்டர் கீழே தொங்கினால், போய்த் திரும்ப 6 வினாடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். கிட்டத்தட்ட கடல் அலை. கோஸ்டரில் திருப்பங்கள் படபடவென்று வந்து, குமட்டல் திரண்டு எழுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. உயரமும் வேகமும் பயத்தைத் தரும். வாந்தியைத் தருவது ஆட்டத்தின் தாளம்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நடு வரிசையில் உட்காருங்கள். முனையில் உட்கார்ந்தவர் ஏறி இறங்கும் உயரம் நடுவில் இருப்பவரைவிட மிக அதிகம். பார்வை தொலைவில், கீழ்வானத்தில் இருக்கட்டும். கால் பக்கம் வேண்டாம்.

மாரத்தஹள்ளி: முன்கூட்டியே போட்டுக்க என்ன மாத்திரை?

நம் ஊரில் அதிகம் விற்பது அவோமின், அதாவது புரோமெத்தசின். பெரியவர்களுக்கு 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, முதல் ரைடுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னால். சின்னாரிசின் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால். நேரம் ஏன் முக்கியம் என்றால், குமட்டல் தொடங்கியவுடன் இரைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராமல் வயிற்றிலேயே கிடந்து, வாந்தியோடு வெளியே வந்துவிடும்.

புரோமெத்தசின் வாயை உலர்த்தும், பார்வையை மங்க வைக்கும், தூக்கம் தரும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மதுவோடு சேர்க்கவே கூடாது. இன்னொன்று, இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப்போகிறேன்: போட்டுக்கொண்டவர் அன்று சாயங்காலம் மைசூரு நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. தூக்கம் வரவில்லை என்று அவருக்குத் தோன்றும். பிரேக்கில் கால் போவது தாமதமாகும்.

விவேக் நகர்: காலி வயிறா போறது நல்லதா டாக்டர்?

இல்லை. காலி வயிறும் பிரட்டும், முட்ட நிறைந்த வயிறும் பிரட்டும். கிளம்பும் முன் இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழமும் ரொட்டியும். பிடதியில் இறங்கினவுடன் தட்டு இட்லிக் கடைகள் கண்ணை இழுக்கும். இட்லி மேல் எனக்குக் கோபம் இல்லை, அதன் தலையில் உருகிக்கொண்டிருக்கும் வெண்ணெய்க் கட்டியைச் சொல்கிறேன். கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க வெகுநேரம் ஆகும். வெண்ணெய், வடை, காபி எல்லாம் சேர்ந்து திரும்பி வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது சுற்றுகிற எதிலும் ஏறாதீர்கள்.

கம்மனஹள்ளி: எந்த மாத்திரை போடலாம்னு சொல்லுங்களேன்.

மாரத்தஹள்ளி வாசகருக்குச் சொன்னதேதான்.

ராமமூர்த்தி நகர்: கப் சாசர், பிரேக் டான்ஸ் மாதிரி சுத்துறதுல கண்ணை மூடிக்கணுமா?

வெளியே பார்க்காதீர்கள். உங்களோடு சேர்ந்து சுற்றும் ஒன்றைப் பாருங்கள்: நடுவில் உள்ள கைப்பிடி, எதிரே இருப்பவர் மூக்கு, எதுவானாலும் சரி. தலையைப் பின்சாய்வில் ஒட்டி வையுங்கள். கழன்று போன செருப்பைக் குனிந்து தேடினால் தொலைந்தது. உடம்பு சுற்றிக்கொண்டிருக்கும்போது தலையைச் சாய்த்தால், ஒரு குழாய் அந்தச் சுழற்சியின் தளத்தை விட்டு விலகும், இன்னொன்று உள்ளே நுழையும். நடக்காத ஒரு சுழற்சி, வேறொரு திசையில் நடப்பதாக மூளைக்குச் செய்தி போகும். ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு வேண்டுமென்றே குமட்டல் வரவழைக்க இதுதான் உத்தி: சுழல் நாற்காலியில் உட்கார வைத்துத் தலையைச் சாய்க்கச் சொல்வார்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: இதை ஏத்துக்க முடியல சார். பஸ்ல போனா ஜன்னல் வழியா தூரத்துல பாருன்னு நீங்கதான் சொல்வீங்க. ராட்டினத்துல மட்டும் உள்ளே பாருன்னா ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே?

விதி ஒன்றுதான்: காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். பஸ்ஸில் தூரத்து மலை காது சொல்வதை ஆமோதிக்கிறது. ராட்டினம் சீராகச் சுற்றும்போது 20, 30 வினாடியில் அரைவட்டக் குழாய்க்குள் இருக்கும் நீரும் அதே வேகத்துக்கு வந்துவிடும். காது ‘நின்றாயிற்று’ என்று சொல்லத் தொடங்கும். வெளியே பார்த்தால் கண் ‘சுற்றுகிறோம்’ என்னும், சண்டை. கைப்பிடியைப் பார்த்தால் கண்ணும் ‘நிற்கிறோம்’ என்னும், சமாதானம்.

எலக்ட்ரானிக் சிட்டி: பிரேக் டான்ஸ்ல எங்க சார் சீரான சுழற்சி? மேடை ஒரு பக்கம் சுத்தும், வண்டி தன் பாட்டுக்கு வெட்டி வெட்டித் திரும்பும். வேகம் மாறிக்கிட்டே இருந்தா குழாய் நீர் எப்படிச் சமாதானம் ஆகும்?

நல்ல பிடி. அதில் என் விளக்கம் பாதிதான் செல்லும், ஒப்புக்கொள்கிறேன். குடை ராட்டினம் மாதிரி ஒரே சீராகச் சுற்றுவதற்கு அது முழுதாகப் பொருந்தும். வேகம் மாறுவதில் எங்கே பார்த்தாலும் முழு ஒப்புதல் கிடைக்காது. கைப்பிடியைப் பார்ப்பது கண் முன்னால் உலகம் கோடு கோடாக ஓடுவதையாவது நிறுத்தும். அதுவும் உதவாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம்; சண்டை போடுகிறவர்களில் ஒருவரை அறையை விட்டு வெளியே அனுப்புகிற மாதிரி. தலையைச் சாய்க்காதே என்பதில் மட்டும் பேரம் இல்லை.

முர்ஃபி டவுன்: கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துறதுக்கு எதுக்குங்க டிக்கெட்?

அது என் துறை இல்லை.

பசவனகுடி: கதக் கத்துக்கறேன். சக்கர் சுத்தும்போது எதிரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள், மயக்கம் வராது. அது வெளியே பார்ப்பதுதானே?

அங்கே உடம்பு சுற்றும்போது தலை முடிந்தவரை அந்தப் புள்ளியிலேயே நின்று, பிறகு வெடுக்கென்று ஒரே வீச்சில் திரும்பி மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. நீண்ட சுழற்சியைத் தலை அனுபவிப்பதே இல்லை. துண்டு துண்டாக நின்று நின்று போகிறது. தலையும் நிமிர்ந்தே இருக்கும், சுழலும் அச்சிலிருந்து சாயாது. வருடக்கணக்கான பயிற்சியில் மூளையும் காதின் கூச்சலைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிவிடும். ராட்டினத்தில் அச்சே சாய்ந்திருக்கும், தோளைக் கம்பி அழுத்தியிருக்கும். அங்கே கழுத்தை வெட்டித் திருப்பினால் குமட்டலோடு சுளுக்கும் சேரும்.

எலக்ட்ரானிக் சிட்டி: கடைசியா ஒண்ணு. ரீகாயில் கோஸ்டர் பின்னோக்கி வரும்போது எங்க பார்க்கணும்?

முன்னால் போகும்போது தடம் கண்ணுக்குத் தெரியும்; அடுத்த திருப்பத்துக்கு மூளை ஒரு நொடி முன்பே தயாராகிவிடும். கார் ஓட்டுகிறவருக்கு வாந்தி வராமல் பின்சீட்டில் இருப்பவருக்கு வருவது இதனால்தான். அதே தடத்தில் பின்னோக்கி இழுக்கும்போது அந்த முன்னறிவிப்பு போய்விடுகிறது. தலையைப் பின்சாய்வில் அழுத்தி, முன் இருக்கையின் முதுகைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் கத்துகிறாரே என்று திரும்பாதீர்கள். ராட்டின விவாதத்தை இங்கே முடித்துக்கொள்வோம், வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

ஸ்ரீராமபுரம்: பாட்டி இஞ்சி, எலுமிச்சம்பழம் குடுத்து அனுப்புவாங்க. வயித்துல நியூஸ்பேப்பர் வெச்சுக்கச் சொல்வாங்க. இதெல்லாம் வேலை செய்யுமா?

செய்தித்தாளுக்கு எந்த அடிப்படையும் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி வந்தால் உதவும். எலுமிச்சை வாசம் டீசல் நெடியை மறைக்கும், அவ்வளவுதான், கெடுதல் இல்லை. இஞ்சியைச் சோதித்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அவற்றில் பரவலாகக் கொடுத்த அளவு 1 கிராம் சுக்குத் தூள். வெந்நீரில் கலக்கி அரை மணி நேரம் முன்னால் குடித்துப் பார்க்கலாம். தூக்கம் வராது என்பது பெரிய லாபம். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து எடுப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

டானரி ரோடு: வாந்திக்கு ஓண்டான்செட்ரான் வீட்டுல இருக்கு, அதையே போட்டுக்கலாமா? அலர்ஜிக்கு செட்டிரிசினும் இருக்கு.

மறுபடியும் மாத்திரை. சரி, இது புதுக் கேள்விதான். ஓண்டான்செட்ரான் கீமோதெரபி, வயிற்றுப்போக்கு வாந்திக்கு அருமையான மருந்து, ஆட்ட வாந்திக்குப் பெரிதாக உதவாது, வழி வேறு. செட்டிரிசின் மூளைக்குள் அதிகம் நுழையாதபடி செய்யப்பட்டது. நுழையாத மருந்து இந்தக் குமட்டலை அடக்காது. தூக்கம் தருகிற பழைய அலர்ஜி மருந்துகள்தான் இங்கே வேலை செய்கின்றன. ஆகவே, போட்டவர் வண்டி ஓட்டக் கூடாது.

பன்னேர்கட்டா ரோடு: எட்டு வயசுப் பையனுக்கு ரொம்ப வருது, மூணு வயசுப் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. எப்படி?

இரண்டு வயதுக்குள் இது அபூர்வம். ஆறு, ஏழு வயதில் ஏறி, ஒன்பது பத்து வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தணியும். பெண் தப்பித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள், இன்னும் வயது வரவில்லை. பையனுக்கு மாத்திரை அளவைக் குழந்தை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். இரண்டு வயதுக்குக் கீழே புரோமெத்தசின் கூடவே கூடாது. அவன் காரிலேயே போனைப் பார்த்துக்கொண்டு வந்தால் வாசலில் இறங்கும்போதே பாதி குமட்டலோடுதான் இறங்குவான். அரை மணி நேரம் நடக்க விட்டு, பிறகு ஏற்றுங்கள்.

பிள்ளைகள் ‘குமட்டுது’ என்று சொல்ல மாட்டார்கள். முதலில் கொட்டாவி, பிறகு பேச்சு குறையும், உதட்டைச் சுற்றி வெளுக்கும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, அப்புறம் வாயில் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால் வாந்திக்கு நேரம் அதிகம் இல்லை. கொட்டாவியிலேயே நிறுத்துங்கள்.

ஹெப்பால்: வந்துடுச்சுன்னா என்ன பண்றது?

நிழலில் உட்கார வைத்து, முகத்தில் காற்றுப் பட விடுங்கள். தூரத்து அசையாத பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது தலையை அசைக்காமல் படுக்க வையுங்கள். தண்ணீர் வாய் வாயாக. போன் கூடாது. முழுதாகத் தெளியும் வரை அடுத்த ரைடு இல்லை; ‘பழகிடும்’ என்று அதே நாளில் திரும்ப ஏற்றினால் குமட்டல் கூடத்தான் செய்யும். பழக்க வேண்டும் என்றால் குமட்டலுக்கு முன்பே இறங்கி, நாள் விட்டு நாள்.

ஜெயநகர்: வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பார்க்கிற ரைடு?

அதில் உடம்பு நிற்கிறது, கண் மட்டும் ஓடுகிறது. இங்கே கண்ணை மூடினால் சண்டை உடனே நிற்கும்.

கே.ஆர்.புரம்: ஆறு மாத கர்ப்பம், லேசான ராட்டினம் மட்டும் போகலாமா?

கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லந்தூர்: ஸ்டென்ட் வெச்சிருக்கு. கோஸ்டர் ஓகேவா?

இதய மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

இந்திராநகர்: அலைக்குளத்துல ஒரு காதுல தண்ணி போனதும் உலகமே சுத்துது. இதுவும் அதேதானா?

இது வேறு, சுவாரசியமானது. குளிர்ந்த நீர் ஒரு காதுக்குள் மட்டும் போனால், பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாயின் நீர் அந்த இடத்தில் குளிர்ந்து கீழ்நோக்கி நகரும். தலை திரும்பியதாக மூளை நினைத்துக்கொள்ளும். காதைக் கழுவும்போது நீரின் சூட்டைப் பொறுத்து நோயாளிகளுக்குத் தலை சுற்றியதைக் கவனித்து இதைச் சோதனை முறையாக மாற்றியவர் ராபர்ட் பாரனி. 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் அவருக்கு. சாதாரணமாக ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் வந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், காட்டுங்கள். சுற்றல் நிற்கும் வரை ஆழமான பக்கம் போகாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு: போன வாரம் போய்ட்டு வந்தேன். இன்னும் படுக்கையில புரண்டா பத்து வினாடி சுத்துது.

முதலில் சொன்ன சுண்ணாம்புத் துகள் பையிலிருந்து கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்கலாம். மாத்திரையால் வெளியே வராது. எப்ளி முறை என்று தலையை வரிசையாகத் திருப்பிப் படுக்க வைத்து, துகளை அதன் இடத்துக்கே உருட்டிவிடுவோம். பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவையில் சரியாகும். ஆனால் கோஸ்டருக்குப் பிறகு தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: நல்ல மாத்திரையா ஒண்ணு சொல்லுங்க டாக்டர்.

மேலே.

நாகரபாவி: அவோமின் போட்டுக்கணும், ஆனா வீட்டுல எனக்கு மட்டும்தான் லைசென்ஸ். பாதி மாத்திரை போட்டா ஓட்டலாமா?

பாதி மாத்திரையிலும் தூக்கம் இருக்கிறது. சுக்கு போட்டுக்கொண்டு கொலம்பஸைத் தவிருங்கள். அவோமின்தான் வேண்டும் என்றால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிடதியிலிருந்து பஸ் பிடித்துச் சல்லகட்டா வந்தால் ஊதா மெட்ரோ இருக்கிறது.