‘சைகோன்’ என்று சொல்பவர்கள் காலனியாட்சியின் மீது பற்றுள்ளவர்களா?

வியட்நாமிலுள்ள அந்த ஊர் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் ‘சைகோன்’ என்று சொல்வது அடிமைப் புத்தி அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். அண்மையில் சுற்றுலா சென்று வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். என் தந்தையார் 1941-இல், பிரெஞ்சு ஆட்சியின்போது, அந்த ஊரில் பிறந்தவர். காரைக்காலிலிருந்து கப்பலேறிய பாட்டனார் அங்கே சந்தையில் வரி வசூலித்து வந்தார். எங்கள் வீட்டில் அது என்றைக்கும் சைகோன்தான். இதைச் சொன்னவுடன் என்னைப் பிரெஞ்சு விசுவாசி என்று முத்திரை குத்தச் சிலர் வருவார்கள் என்பதால், முதலில் பெயரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெயர் பிரெஞ்சுக்காரர்கள் சூட்டியதன்று. கம்போடியாவின் கெமர் மக்கள் அவ்விடத்தைப் பிரே நோக்கோர் என்றழைத்தனர். 1698-இல் வியட்நாமிய நுயென் பிரபுக்களின் நிர்வாகம் அங்கே காலூன்றியபோது கியா தின் என்ற பெயர் வந்தது. சைகோன் என்ற பெயர் 18-ஆம் நூற்றாண்டு வியட்நாமியக் குறிப்புகளிலேயே இருக்கிறது, ஆனால் அன்று அது குறித்தது சீன வணிகர்கள் வாழ்ந்த இன்றைய சோலோன் பகுதியை. 1859-இல் கோட்டையைப் பிடித்துத் தகர்த்த பிரெஞ்சுக்காரர்கள், ஆற்றங்கரையில் தாங்கள் எழுப்பிய நகருக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டனர், அவ்வளவுதான். அவர்கள் வைத்த பெயர் வேண்டுமென்றால் தெருக்களைப் பாருங்கள்: அவர்களுடைய காத்தினா தெரு, தென் வியட்நாம் ஆட்சியில் ‘சுதந்திரம்’ என்றும், 1975-க்குப் பிறகு ‘எழுச்சி’ என்றும் பொருள்படும் வியட்நாமியப் பெயர்களைப் பெற்றது. ஊரின் பெயரை 1976 ஜூலை 2 அன்று ஒன்றிணைந்த வியட்நாமின் தேசிய சபை மாற்றியது. ஒரு நாடு தன் தலைவரின் பெயரைத் தன் நகருக்குச் சூட்டுவதில் எனக்கு மறுப்பேதும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனத்தாங்கல் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் தந்தையாரின் ஆவணம் ஒன்றுக்காக இங்குள்ள ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தோம். ஓரங்கள் பழுப்பேறிய பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழில் ‘சைகோன், கொச்சின்சீன்’ என்றிருந்தது. கொச்சின்சீன் என்பது பிரெஞ்சு ஆட்சியில் வியட்நாமின் தென்பகுதிக்கு வழங்கிய பெயர். எழுத்தர் அதில் விரலை வைத்து, “கொச்சின் என்றால் கேரளம் ஆயிற்றே, பிறகு ஏன் வெளிநாடு என்று எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சிரிப்பு வந்தது, ஆனால் அவரை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. நம் கொச்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்றுதான் போர்த்துகீசியர் அந்தப் பகுதியின் பெயரோடு ‘சீனா’வைச் சேர்த்தார்கள். கணினியின் பட்டியலில் சைகோன் இல்லை. ஹோ சி மின் நகரம் என்று குறித்தால் சான்றிதழோடு பொருந்தவில்லை என்றார்கள். கடைசியில், தாம் பிறந்த ஊரும் பட்டியலில் உள்ள ஊரும் ஒன்றே என்று எண்பது வயதை நெருங்கிய மனிதர் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன் கையொப்பமிட நேர்ந்தது.

உங்கள் கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறேன்: இல்லை. அங்குள்ளவர்களே பேச்சில் சைகோன் என்கிறார்கள். ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சைகோன்தான். 2025 ஜூலையில் நிர்வாக எல்லைகளைத் திருத்தியமைத்தபோது, நகரின் மையத்திலுள்ள ஒரு வார்டுக்கு வியட்நாம் அரசே சைகோன் என்று பெயரிட்டிருக்கிறது. செய்தியைப் படித்துக் காட்டியபோது தந்தையார் கேட்டது ஒன்றுதான்: “அப்படியானால் அந்த முத்திரைத்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?”