அமெரிக்காவில் அடிமை முறை 1865-லேயே ஒழிந்தும், கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக 1965 வரை போராட வேண்டிவந்தது ஏன்?

சட்டம் கொடுத்ததைச் சட்டத்தை வைத்தே பிடுங்கினார்கள்.

அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, தோற்ற தெற்கிலிருந்த மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விடுதலையானவர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் வேலைக்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும். வேலையின்றித் திரிந்தால் அபராதம். கட்ட முடியாதவரை, அதைக் கட்டுபவரிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடுவார்கள். அடிமை முறைக்கு வேறு பெயர், வேறென்ன?

கொதித்துப்போன காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) 1867-ல் தெற்கை ராணுவத்தின் கீழ் கொண்டுவந்தது. 1868-ல் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் குடியுரிமை தந்தது. இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது 1870-ல் வந்த 15-ஆவது திருத்தம். அதே ஆண்டு ஹைரம் ரெவல்ஸ், அதே மிசிசிப்பியிலிருந்து, முதல் கறுப்பின செனட்டரானார்.

சட்டத்தின் பொத்தல் அந்த 15-ஆவது திருத்தத்திலேயே இருந்தது. இனத்தைச் சொல்லித்தானே மறுக்கக் கூடாது? 1877-ல் ராணுவம் ஒதுங்கியது. 1890-ல் மிசிசிப்பி, இரண்டு டாலர் வாக்கு வரி கட்டினால்தான் ஓட்டு என்றது. அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் விளக்கவோ தெரிய வேண்டும் என்றது. விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி! இந்தத் தேர்வுகளை ஒடுக்கியது 1965 வாக்குரிமைச் சட்டம்தான்.

என்னைக் கேட்டால், கோட்டைவிட்டது நிலத்தில். போரின்போது வடக்கின் தளபதி ஷெர்மன் விடுதலையானவர்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுத்த நிலங்களில் பெரும்பகுதியை ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிவிட்டார். பிழைப்புக்கு அவர்கள் வயலையே நம்பியிருந்தவர், அவர்களை எதிர்த்து எத்தனை நாள் ஓட்டுப் போட்டிருக்க முடியும்?