நால்வர் வாசிப்பும் பெருங்குழு வாசிப்பும்: கேள்வி பதில்

கேள்வி (கும்பகோணம்): ஐயா, மேற்கத்திய சேம்பர் இசைக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஆள் எண்ணிக்கையைத் தவிர, கேட்பதில் என்ன வேறுபாடு?

பதில்: சேம்பர் இசை என்பது சிலர் மட்டும் கூடி வாசிப்பது; அதில் ஒரு பாகத்தை ஒருவரே வாசிக்கிறார். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் ஒரு செல்லோ கொண்ட குவார்டெட்டில் ஒருவர் வில்லைச் சற்று அழுத்தினாலும் நமக்குத் தெரிந்துவிடும். ஆர்கெஸ்ட்ராவிலோ முதல் வயலின் பாகத்தைப் பதினாறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது, அவர்களுடைய சுருதியிலும் காலத்திலும் உள்ள மயிரிழை வேறுபாடுகள் ஒன்றில் ஒன்று கலந்து, எந்தத் தனி வயலினுக்கும் இல்லாத பட்டுப் போன்ற நாதம் பிறக்கிறது. திருவையாற்று ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் கூடிப் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. அதே கீர்த்தனையை வீட்டுக் கூடத்தில் ஒருவர் வீணையில் வாசித்தால், தந்தியின்மேல் விரல் உராய்வதுகூடக் காதில் விழும்.

கேள்வி (மயிலாடுதுறை): பதினாறு வயலின் என்றால் பதினாறு மடங்கு சத்தமா?

பதில்: இல்லை. ஒலியை அளக்கும் டெசிபெல் அலகில் ஏறத்தாழ 12 கூடும். காதுக்கு அது இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகவே படும்.

கேள்வி (மன்னார்குடி): நாகஸ்வரம் கேட்டே வளர்ந்த எனக்குக் குவார்டெட் மெலிந்து தோன்றுகிறதே?

பதில்: சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி நான்கு வீதிக்கும் எட்ட வேண்டிய இசை, குவார்டெட் ஓர் அறைக்குள் கேட்பதற்கென்று எழுதப்பட்டது. பேருந்தில் செல்லும்போது கேட்காமல், இரவில் வீடு அடங்கிய பிறகு கேளுங்கள்.

கேள்வி (திருவாரூர்): ஒப்பிட்டுக் கேட்க எவற்றைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: ஒரே மெட்டு கைமாறிச் செல்லும் இரண்டு படைப்புகளைச் சொல்கிறேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ' (1928) முழுவதும் ஒரு சிறு முரசின் தாளம் மாறாமல் ஓட, புல்லாங்குழலில் தொடங்கும் மெட்டு வாத்தியம் வாத்தியமாக மாறி, இறுதியில் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. நடுவே ஹார்ன் என்னும் பித்தளைக் குழல், மணி போல் ஒலிக்கும் செலஸ்டா, பிக்கோலோ என்னும் சிறு புல்லாங்குழல்கள் இரண்டு சேருமிடத்தில் ஒலிப்பது எந்த வாத்தியம் என்றே பிரித்தறிவது கடினம்; அந்த இடத்தில் நான் இன்றும் மூச்சடக்கித்தான் கேட்கிறேன்.

மற்றொன்று, பேரரசர் இரண்டாம் பிரான்சிஸை வாழ்த்தி ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1797-இல் அமைத்த மெட்டைக் கொண்ட 'எம்பரர்' குவார்டெட்டின் இரண்டாம் பகுதி. மெட்டு முதல் வயலினிலிருந்து இரண்டாம் வயலினுக்கும், பிறகு செல்லோவுக்கும், வயோலாவுக்கும் சென்று, மீண்டும் முதல் வயலினுக்கே திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் மெட்டு அப்படியே நிற்க, சுற்றியுள்ளவர்களின் வாசிப்பு மட்டுமே மாறுகிறது. முதல் முறை மெட்டைப் பின்தொடருங்கள். அடுத்த முறை, செல்லோ அதை ஏற்கும்போது மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.