தண்ணீர் புகும் துளையைக் கவனித்த மகளுக்கு என்ன படிப்பு?

பள்ளிப் படிப்பை முடித்த மகளோடு ஒரு அப்பாவும் அம்மாவும் ஆலோசனைக்கு வந்திருந்தார்கள். மதிப்பெண்ணில் குறை இல்லை. கணிதமும் இயற்பியலும் அவளுக்கு நன்றாகவே வருகின்றன. மகள் தானாக ஓடும் கப்பல், நீருக்கடியில் போகும் ரோபோ என்று பேசுகிறாள், அதுதான் வீட்டில் கவலை. மென்பொருள் வேலையில் இருக்கும் தாய்மாமா, "கம்ப்யூட்டர் சயின்ஸில் ஏஐ பிரிவை எடு, மற்றதெல்லாம் வீண்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பெரியப்பா, "பெண் பிள்ளையை மாதக்கணக்கில் கடலில் விடுவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவின் கண் கலங்கியே இருந்தது.

கப்பலும் நீரடி ரோபோவும் உருவாக்கும் பொறியியலைப் படித்தால் மகளின் வாழ்க்கை கெட்டுப்போகாது என்று முதலில் அவருக்குச் சொன்னேன். அதன்பிறகு சமாதானம் சொல்லவில்லை, வாதாடினேன். இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று அந்த வாதத்தை இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் கருத்திலிருந்து தொடங்குகிறேன். ஏஐ தெரிந்தால் எந்தத் துறைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. மேஃப்ளவர் என்ற 15 மீட்டர் நீளப் படகுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஆளில்லாமல் அட்லாண்டிக்கைக் கடக்கக் கட்டப்பட்ட படகு அது. கேமரா, ரேடார் தகவல்களைப் படித்து வழியை முடிவுசெய்ய ஐபிஎம் உதவியோடு உருவான மென்பொருள் அதில் இருந்தது. 2021 ஜூனில் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து புறப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பியது. ஜெனரேட்டரின் புகைக்குழாயில் இருந்த ஒரு உலோக இணைப்பு உடைந்திருந்தது. 2022-இல் மறுபடி புறப்பட்டபோது ஜெனரேட்டரின் ஒரு ஸ்விட்ச் சதி செய்ததால் அசோர்ஸ் தீவுகளில் நிறுத்திப் பழுது பார்த்தார்கள். பிறகு ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் சுற்றில் கோளாறு வந்து, அமெரிக்காவுக்குப் போகவேண்டிய படகு ஜூன் 5 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் கரை சேர்ந்தது. கடலைக் கடந்தது பெரிய சாதனை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைத் தடுமாற வைத்தவை இணைப்பும் ஸ்விட்சும் சார்ஜரும். கப்பலில் ஆள் இருந்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்திருப்பார். ஆளை இறக்கிவிட்ட பிறகு அந்த ஸ்பேனர் வேலையையும் சேர்த்து யோசித்து வடிவமைக்க ஒருவர் வேண்டும். நிரல் மட்டும் எழுதத் தெரிந்தவரால் அது முடியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பும் பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். மருத்துவம், மென்பொருள், கணக்கியல் பற்றியெல்லாம் எல்லா வீட்டிலும் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது, நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. விருப்பம் இல்லாத பிள்ளையை உறவுக்காரர் வாய்க்குப் பயந்து அதில் தள்ளாதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

அடுத்து பெரியப்பாவின் பயம். கப்பல் அதிகாரியாகப் போவது வேறு பாதை, கப்பலுக்கான தொழில்நுட்பத்தை உருவாக்குவது வேறு பாதை. முதல் பாதையில் மாதக்கணக்கில் கடல் வாழ்க்கை உண்டு, கண்பார்வை, நிறம் பிரித்தறிதல் உள்ளிட்ட மருத்துவத் தகுதிகளும் உண்டு. இரண்டாவது பாதையில் பெரும்பாலான நாட்கள் ஆய்வகம், கப்பல் கட்டும் தளம், மாதிரிகளை மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனைத் தொட்டி, கணினி என்று கழியும். சோதனை ஓட்டத்துக்காக இடையிடையே கடலுக்குப் போகவேண்டி வரும். வாந்தி வரலாம், வெயிலில் கறுக்கலாம், அதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை. பெண் பிள்ளை என்பதை ஒரு காரணமாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

பேச்சுக்கு நடுவில் அந்தப் பெண் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மோட்டார் வைத்து அவளே செய்த சிறு படகு. டப்பாவை எவ்வளவு பசை போட்டு மூடினாலும் மோட்டாரின் தண்டு வெளியே வரும் துளை வழியாகத் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்ததாம். "தண்டு சுற்றணும், தண்ணி வரக்கூடாது. ரெண்டும் எப்படி சார் முடியும்?" என்று கேட்டாள். அப்பா அதை விளையாட்டு என்றார். எனக்கு அவளுடைய மதிப்பெண் பட்டியலை விட அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் நீரடி ரோபோ செய்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் கேள்வி அது. ஆழத்தில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 3,000 மீட்டரில் 300 மடங்கு. எந்த ரப்பர் வளையமும் சுற்றும் தண்டைச் சுற்றி அதை எளிதில் தாங்கிவிடாது. மோட்டார் கூட்டுக்குள் எண்ணெய் நிரப்பி உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமமாக்குவது ஒரு வழி. துளையே போடாமல் காந்தத்தின் வழியாகச் சுழற்சியைக் கடத்துவது இன்னொரு வழி. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: தண்ணீரை உள்ளே விட்டுவிடுவது. பிரஷ் இல்லாத மோட்டாரின் கம்பிச் சுருள்களுக்கு எப்பாக்சி பிசின் பூசிவிட்டால், தண்ணீர் நடுவே ஓடினாலும் மோட்டார் சுற்றும். அந்தத் தண்ணீரே குளிர்விக்கும், பேரிங்குக்கு மசகாகவும் இருக்கும். இன்று மாணவர்கள் வாங்கக்கூடிய நீரடி உந்திகள் (ரோபோவைத் தள்ளி நகர்த்தும் மோட்டார்கள்) பல இப்படித்தான் வேலை செய்கின்றன. இதைச் சொன்னதும் அவள் நோட்டில் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

இந்தத் துறையில் தன்னியக்கம், அதாவது ஆள் இல்லாமல் தானே இயங்குவது, ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நீருக்குள் ரேடியோ அலை சில மீட்டருக்குள் அடங்கிவிடும். ஜிபிஎஸ் கிடைக்காது. கம்பி இல்லாமல் தூரத்திலிருந்து பேச ஒலி ஒன்றுதான் வழி. ஒலியோ நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான் போகும். 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரோபோவிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர 4 நொடி ஆகிறது. அதற்குள் பாறையில் மோதிவிடலாம். ஆகவே அது தானே யோசித்துத்தான் ஆகவேண்டும். தான் எங்கே இருக்கிறோம் என்பதைக்கூட ஒலியால் தூரம் அளக்கும் சோனாரையும் அசைவை அளக்கும் கருவிகளையும் வைத்துத் தானே கணக்கிட வேண்டும். தானாகவும் ஓடக்கூடிய, மெல்லிய கம்பி வழியாகவும் இயக்கக்கூடிய ரோபோக்கள்தான் 2022 மார்ச்சில் அண்டார்டிகாவின் பனிக்கடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் துருவப் பயணி ஷாக்கிள்டனின் மூழ்கிப்போன எண்டியூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்தன. இன்னொரு பக்கம், உந்தியே இல்லாமல் தன் மிதப்பை மட்டும் மாற்றிக்கொண்டு சறுக்கும் கிளைடர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்று அனுப்பிய கிளைடர் ஒன்று 2009-இல் 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆர்கோ திட்டத்தின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து கடலின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்புகின்றன. கடல் சூடாவது பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி இந்தச் சிறு குழாய்கள் தந்தது.

மேற்பரப்புக் கப்பலில் சிக்கல் வேறு விதம். கடலில் மோதலைத் தவிர்க்க 1972-இல் வந்த சர்வதேச விதிகள் உள்ளன. ஒன்றின் பாதையை ஒன்று குறுக்கிடும் இரண்டு இயந்திரக் கப்பல்களில், தன் வலப்பக்கம் மற்றதைப் பார்க்கும் கப்பல்தான் விலக வேண்டும், மற்றது திசையும் வேகமும் மாறாமல் போகவேண்டும். விலக வேண்டியது விலகாவிட்டால், ஒரு கட்டத்தில் மற்றதும் செயல்பட்டாக வேண்டும். அந்தக் கட்டம் எது? அனுபவமுள்ள கேப்டன் உணர்ந்து செய்வதை எண்ணாக மாற்றி இயந்திரத்துக்குச் சொல்லவேண்டும். கடல் தெரிந்தவரும், இயந்திரத்தைத் தானாக இயக்க வைக்கும் கட்டுப்பாட்டுக் கணிதம் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருந்தால் அவரைத் தேடி வேலை வரும். சர்வதேச கடல்சார் அமைப்பு தன்னியக்கக் கப்பல்களுக்கான விதிகளை 2018 முதல் ஆராய்ந்து வருகிறது, 2032-இல் அவற்றைக் கட்டாயமாக்குவது திட்டம். இன்று கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு அப்போது பட்டம் கையில் இருக்கும்.

சுற்றுச்சூழல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உலகின் பசுமையில்ல வாயுக்களில் ஏறத்தாழ 3 சதவீதம் கப்பல்களிலிருந்து வருகிறது. 2050 வாக்கில் அதை நிகர பூஜ்யமாக்குவது அதே அமைப்பு 2023-இல் எடுத்த முடிவு. கார்பனுக்குக் கட்டணம் வைக்கும் விதியின் மேல் 2025 அக்டோபரில் முடிவு எட்டாமல் ஓராண்டு தள்ளிப்போனது உண்மைதான், கொள்கை இப்படி முன்னும் பின்னும் போகும். ஆனால் பௌதிகம் தள்ளிப்போவதில்லை. மெத்தனாலுக்கு மாறினால் எரிபொருள் தொட்டி இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும். அம்மோனியாவில் கார்பன் இல்லை, ஆனால் கசிந்தால் உயிருக்கு ஆபத்து. நார்வேயின் யாரா பிர்க்லண்ட் போல மின்கலத்தில் ஓடும் சரக்குக் கப்பல் குறுகிய தூரத்துக்குப் பொருந்தும், பெருங்கடலைக் கடக்க இன்றைய மின்கலம் போதாது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே தேவையான திறன் கால் பங்குக்கு மேல் குறைகிறது. இந்தக் கணக்குகளைப் போட ஆள் வேண்டும்.

சரி, எந்தப் பட்டம்? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளநிலையில் கப்பல் வடிவமைப்பு, கடல்சார் பொறியியல், இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல் இவற்றில் ஒன்றை எடுங்கள். பெயரிலேயே "தன்னியக்கம்", "பசுமை", "ஸ்மார்ட்" என்று ஒட்டி இரண்டு மடங்குக் கட்டணம் கேட்கும் இளநிலைப் படிப்பு வேண்டவே வேண்டாம். அதில் திரவ இயக்கவியலும் கட்டுப்பாட்டியலும் ஆழமாக இருக்கிறதா என்று பாடத்திட்டத்தைப் பாருங்கள், பல இடங்களில் மேலோட்டமாகத்தான் இருக்கும். சிறப்புப் பாடத்தை முதுநிலையில் வைத்துக்கொள்ளலாம். நார்வேயின் என்டிஎன்யு பல்கலைக்கழகம் இதில் பேர்போனது. அதுவும் பிரான்ஸின் துலோன், போர்ச்சுகலின் லிஸ்பன் பல்கலைக்கழகங்களும் பங்கேற்கும் எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டுப் படிப்புத் திட்டம்) கடல் ரோபோட்டிக்ஸ் முதுநிலைப் படிப்பில் உதவித்தொகையோடு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் வீட்டை அடகு வைத்து அனுப்பாதீர்கள். முதலில் கப்பல் கட்டும் தளத்திலோ கடலாய்வு நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு அடுத்த முறை விண்ணப்பிக்கட்டும், அந்த அனுபவமே விண்ணப்பத்துக்குப் பலம். கடனில் படித்தவர்கள் பிடிக்காத வேலையை விடமுடியாமல் மாட்டிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழி எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. துரு, கிரீஸ், உப்புத்தண்ணீர், பழுதான இணைப்பை மூன்றாம் முறை பிரித்து மாட்டுவது, இதெல்லாம் எரிச்சலூட்டி, பிள்ளையே வேண்டாம் என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள். இயற்பியல் கசக்கும் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். இதைச் சோதித்துப் பார்க்கக் கல்லூரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. நீரடி ரோபோவை இயக்கும் ஆர்டுசப் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மேட், ரோபோசப் போன்ற மாணவர் நீரடி ரோபோ போட்டிகளில் முந்தைய அணிகள் எழுதிய அறிக்கைகளையும் இணையத்தில் படிக்கலாம். விடுமுறையில் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கி நிற்கும் சாதனம் ஒன்றைச் செய்துபார்க்கட்டும், ஆர்வம் நிஜமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது நுழைவாயிலையும் விடுதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சோதனைத் தொட்டி இருக்கிறதா, அதில் இளநிலை மாணவரை இறங்கி வேலை செய்ய விடுகிறார்களா, கடைசியாக அங்கே என்ன மிதந்தது என்று கேளுங்கள். பேசுவதைப் பெரியவர்களே பேசிவிடாமல் பிள்ளையைக் கேட்கவிடுங்கள். தொட்டியில் தூசி படிந்திருந்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.