மூச்சு வாங்குகிறது என்று அப்பா நடையை நிறுத்திவிட்டார் – பதில்

சிஓபிடி (மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ள அப்பா, மூச்சு வாங்குவதால் நடப்பதையே விட்டுவிட்டார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரை அப்படியே உட்கார விடாதீர்கள். நடக்காவிட்டால் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசை சீக்கிரம் களைக்கும், மூச்சு இன்னும் அதிகமாக வாங்கும்.

முதலில் நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு எழுதி வாங்குங்கள். மருத்துவர் சம்மதித்தால் வீட்டில் 2 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓய்வு என்று தொடங்கலாம். மூச்சே வாங்காததை 0, தாங்க முடியாத அளவு வாங்குவதை 10 என்று வைத்தால், 10-க்கு 4 என்ற அளவில் மூச்சு வாங்கினால் பரவாயில்லை, அது ஆபத்தில்லை என்று புரிந்தாலே அப்பாவுக்குப் பாதி பயம் போய்விடும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்த வேண்டும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், அதுவரை கூடவே நடங்கள்.