1967க்கு முன் மட்டக்களப்பில் மேயர் இல்லை: கேள்வி பதில்

உள்ளூராட்சி அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மட்டக்களப்பு மேயர்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கல்லடி வாசகர்: ஐயா, நகரத்தின் முதல் மேயர் யார்? என் பாட்டனார் 1950களில் ஒரு மேயரிடம் வேலை செய்ததாக வீட்டில் சொல்வார்கள்.

முதல் மேயர் செல்லையா இராசதுரை. மட்டக்களப்பு நகர சபை மாநகர சபையானது 1967இல். அதற்கு முன் இருந்தவர்கள் நகர சபைத் தலைவர்கள். உங்கள் பாட்டனார் அப்படி ஒரு தலைவரிடம்தான் வேலை செய்திருப்பார், மகன். தலைவரை மேயர் என்று எழுதும் பழக்கம் இப்போது முகநூலில் பெருகிவிட்டது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

ஏறாவூர் வாசகர்: இராசதுரையின் அரசியல் வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?

மனமாரச் சொல்கிறேன். 1927இல் பிறந்தவர். பேச்சாற்றலுக்காக மக்கள் அவரைச் ‘சொல்லின் செல்வர்’ என்றார்கள். 1956இல் தமிழரசுக் கட்சியில் நின்று மட்டக்களப்புத் தொகுதியை வென்றார். பின்பு 1960இல் இரண்டு தடவை, 1965, 1970, 1977 என்று தொடர்ந்து வென்று, 1989 வரை பாராளுமன்றத்தில் இருந்தார். மேயர் பதவி வந்தபோதும் அவர் பாராளுமன்ற உறுப்பினர்தான். கொழும்பில் மொழியுரிமை பேசியவரே இங்கே வடிகான், சந்தை, தெருவிளக்குப் பற்றிய கூட்டத்துக்கும் தலைமை தாங்கினார். எனக்கு அவரிடம் பிடித்த பக்கம் இதுதான். ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் மேயர் காலத்தை ஒரு வரியில் கடந்து நேரே 1979க்குப் போய்விடுகிறார்கள்.

ஆரையம்பதி வாசகர்: போகத்தானே வேண்டும்? 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறி அமைச்சரானவரை இப்படிப் புகழலாமா?

வந்தாறுமூலை வாசகர்: 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை இழந்த வீட்டில் இருந்து பார்த்தவர்களைக் கேளுங்கள், அண்ணன். மாவட்டத்துக்கு ஓர் அமைச்சர் தேவைப்பட்டது.

ஆரையம்பதி வாசகர்: வாக்குப் போட்டவர்கள் எதற்காகப் போட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

இருவரும் சற்றுப் பொறுங்கள். இராசதுரைக்கும் கட்சிக்கும் இடையிலான பிணக்கு சூறாவளிக்கு முன்பே தொடங்கியது. 1977இல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. இராசதுரை, தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றார். ஒரே அணிக்குள் இரண்டு சின்னங்கள். இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார், மற்ற ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போயிற்று. அந்தக் காயம் ஆறாமலே இராசதுரை கட்சி மாறினார், பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். அவரை அனுப்பிய வாக்குகள் கூட்டணியின் வாக்குகள். ஆகவே மாறும்போது பதவியைத் துறந்து மக்களிடம் திரும்பி வந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வந்தாறுமூலைத் தம்பி சொன்ன சூறாவளித் துயரமும் உண்மை. ஆனாலும் 1979இல் செய்ததை வைத்து 1967இல் செய்ததை அழிக்க முடியாது.

காத்தான்குடி வாசகர்: மேயராக என்ன படித்திருக்க வேண்டும்?

சட்டம் கல்வித் தகைமை எதையும் கேட்பதில்லை.

கல்முனை வாசகர்: எங்கள் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாக மேயர் தரமுயர்த்த முடியாதா?

முடியாது, தம்பி. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகம், மாநகர சபை உள்ளூராட்சி. அந்தக் கேள்வியை பொது நிர்வாக அமைச்சிடம் கேட்க வேண்டும்.

புளியந்தீவு வாசகி: எங்கள் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை. மேயருக்கு எழுதவா, ஆணையாளருக்கு எழுதவா?

இருவருக்கும் எழுதுங்கள், மகள். மேயர் தெரிவுசெய்யப்பட்டவர், ஆணையாளர் அரச உத்தியோகத்தர். உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள்.

செங்கலடி வாசகர்: மேயரை இடையில் நீக்க முடியுமா?

பாதீடு ஒரு வழி. வரவு செலவுத் திட்டம் இரண்டாவது தடவையும் தோற்றால் மேயர் பதவி இழக்கிறார். யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் இம்மானுவேல் ஆனல்ட் அப்படித்தான் போனார். மணிவண்ணன் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வந்தார். வட்டாரமும் விகிதாசாரமும் சேர்ந்த இப்போதைய கலப்புத் தேர்தல் முறையில் தனிக் கட்சி பாதிக்கு மேல் ஆசனம் எடுப்பது கடினம். அப்படி எடுக்காவிட்டால் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களித்து மேயரைத் தெரிவுசெய்வார்கள். சமநிலை வந்தால் சீட்டுக் குலுக்கல்.

வாழைச்சேனை வாசகர்: 1962இல் மேயர் யார்?

தம்பி, தலைப்பை வாசியுங்கள். 1962இல் நகர சபை.

களுவாஞ்சிக்குடி வாசகி: பெண் மேயர் இருந்தாரா?

இருந்தார். 2008 மார்ச் 10 தேர்தலுக்குப் பின் சிவகீதா பிரபாகரன் மேயரானார். அதற்கு முந்திய தேர்தல் 1994இல். பதினான்கு ஆண்டுகள் இந்த நகரம் தன் சபைக்கு வாக்களிக்கவே இல்லை. 1994இல் மேயரான செழியன் பேரின்பநாயகம் 2000இல் கொல்லப்பட்டார். அந்தப் பெயரை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

கிரான்குளம் வாசகர்: 1958இல் இருந்த மேயரின் படம் கிடைக்குமா?

கிடைக்காது. 1958இல் மேயரே இல்லை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கல்லடி வாசகர்: ஐயா, திரும்ப நான்தான். தகரப் பெட்டிக்குள் பாட்டனாரின் நியமனக் கடிதம் கிடைத்தது. முத்திரையில் ‘நகர சபை’ என்று ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

மிகவும் சந்தோஷம், மகன்! நெகிழிக்குள் சூடேற்றி ஒட்டக் கொடுத்துவிடாதீர்கள். அது பிறகு பிரியாது, எழுத்தும் மங்கும். சூறாவளியில் ஊறிய கடிதக் கட்டுகளை நான் வெயிலில் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறேன். மடிப்பு இருந்த இடத்தில்தான் முதலில் கிழிந்தது. மடிப்பை மெதுவாக நீவி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். கடிதத்தின் அடியில் தலைவரின் கையொப்பம் இருக்கும். பெயர் வாசிக்கக்கூடியதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.